ஏழு மணி மிஸ்டு கால்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செல்போன் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போனை நிம்மதியாக என் பக்கம் தள்ளுவார்கள். சிம் போனால் எல்லாம் போயிற்று என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் விடமாட்டேன். மெமரி கார்டைப் பார்த்தீர்களா, படங்களை அழித்தீர்களா என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் கையில் வாங்குவேன். "இந்தப் புள்ள போனுக்குக் கருமாதி பண்ணாமத் தொடாது" என்பார் முதலாளி. சொல்லிவிட்டுப் போகட்டும். துடைக்காமல் வந்த ஒரு போன் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குவித்துப் போட்ட காயில் பெரியது, சிறியது, வெடித்தது என்று நாளெல்லாம் குனிந்து பிரிக்க வேண்டும். அப்பா மலைக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். அடுப்பில் விறகு குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் காயின் பச்சை போய்விடும், அதனால் லீவு கிடையாது என்பார். மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் இறங்கி வந்து, ஒருநாள் முழுக்கத் தூங்கிவிட்டு, மறுநாள் ஏறிப் போய்விடுவார்.

மற்ற நாட்களில் எங்களுக்கு அப்பா என்றால் ஒரு மிஸ்டு கால்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைப் போன் ஒருமுறை அடித்து அடங்கும். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். இரண்டு முறை அடித்தால் சனிக்கிழமை வருகிறார். எது அடித்தாலும் எடுக்கக் கூடாது. மலையேறியதும் நம் ஊர் சிம் கேரளத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். பேசினாலும் காசு போகும், வந்த போனை எடுத்தாலும் காசு போகும். மிஸ்டு காலுக்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை. இன்றைக்கு நாளெல்லாம் வீடியோ காலில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

அந்த ஒரு மணியோசைக்கும் அப்பா பெரிய பாடு பட வேண்டியிருந்தது. அவர் தங்கியிருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், டவர் எடுக்காதாம். தோட்டத்தின் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறதாம். அட்டைக்கடியோடு அரைமணி நேரம் ஏறினால் அங்கேதான் டவர் எடுக்குமாம். யானை நடமாட்டம் உள்ள இடம், அதனால் ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. இதெல்லாம் அவரே சொன்னது.

அம்மா அந்தப் பாறையை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் தினமும் ஏழு மணிக்கு அவள் அங்கேதான் இருந்தாள். மணி அடித்து ஓய்ந்ததும் ஒரு பெருமூச்சு விடுவாள். சோறு தயாராக இருக்கும், ஆனால் போடமாட்டாள். அப்பா பாறையிலிருந்து இறங்கி லயத்துக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். அவர் பனியிலும் மழையிலும் இறங்கிக்கொண்டிருக்கும்போது நாம் உட்கார்ந்து சாப்பிடுவதா என்பது அவள் கணக்கு. நான் பசியில் முனகினால், "பொறுடி, அவுக எறங்கட்டும்" என்பாள். ஏழரை ஆனதும் "இந்நேரம் எறங்கியிருப்பாக" என்று தட்டை எடுப்பாள். பசியோடு அந்த அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது. அம்மாவுக்கு அதுதான் அன்றைய நாளிலேயே நல்ல நேரம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆவணி மாதம் ஒருநாள் அம்மா தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். போன் என் கையில் இருந்தது. பாம்பு விளையாட்டில் பாம்பு அன்றைக்குப் போல் என்றைக்கும் நீண்டதில்லை. சரியாக ஏழு மணி, மணி அடித்தது. கைதவறி அழுத்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வகுப்பில் ஒருத்தி வீட்டில் கலர் போன் வாங்கியிருந்தார்கள், கேமரா வைத்தது. அதை அப்பாவிடம் சொல்லாமல் எனக்கு இரண்டு நாளாக இருப்புக்கொள்ளவில்லை.

"ஏய், எதுக்கு எடுத்த?" என்று அப்பா பதறினார். என் குரலைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி, "என்னத்தா, சொல்லு வெரசா" என்றார்.

சொன்னேன். கலர் போன் வேண்டும், கேமரா வேண்டும், மெமரி கார்டு போட்டுப் பாட்டுக் கேட்க வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"யாருப்பா அழுகுறது?"

"பக்கத்து லயத்துப் புள்ளத்தா. வச்சிரு, வச்சிரு..."

அதற்குள் போன் தானாகவே அறுந்துவிட்டது. அப்பாவின் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அம்மா குடத்தோடு உள்ளே வருவதற்குள், பேசியதன் அடையாளத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். அந்த வயதிலேயே அவ்வளவு விவரம். "அடிச்சுச்சா?" என்று கேட்டாள் அம்மா. "ஒரு தடவ" என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. மலையில் மழை, டவர் போயிருக்கும் என்றாள் அம்மா. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அம்மாவே கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. எட்டு, எட்டரை வரை சோற்றுப்பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கினாரா இல்லையா என்று தெரியாமல் அவளால் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே போயிற்று. பாறையில் வழுக்கியிருக்கும், யானை மறித்திருக்கும் என்று தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும்; பேலன்ஸ் சுத்தமாக இல்லாவிட்டால் மிஸ்டு கால்கூடக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்திருந்தால் ஒரு நொடியில் அவள் பயம் தீர்ந்திருக்கும். அடிக்குப் பயந்து போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

நான்காம் நாள் விடியலில் என்னைப் பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டு, அம்மா வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் மலையேறினாள்.

சாயங்காலம் திரும்பியவள் வேறு ஆளாக இருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை. ஜீப்பு டிரைவரிடம் சொல்லி அனுப்பி, மெட்டில் ஒரு டீக்கடையில் காத்திருந்தாளாம். ஒருமணி நேரத்தில் அப்பா வந்துவிட்டாராம். "மேல வந்துராத, அட்டை பிச்சு எடுத்துரும்" என்று சொல்லி அங்கேயே உட்காரவைத்து, டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, அதே ஜீப்பில் திருப்பி ஏற்றிவிட்டாராம். பாறையில் வழுக்கி முட்டியில் அடி, அதனால்தான் மூன்று நாளாக ஏற முடியவில்லை என்றாராம்.

"முட்டி வீங்கியே போச்சாம், பாவம்" என்றாள் அம்மா.

எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பேலன்ஸ் தீர்ந்த கதையை அப்பா சொல்லவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க முட்டியில் ஒரு அடியே உண்டாக்கிக்கொண்டாரே என்று மெச்சிக்கொண்டேன். அதற்கும் மேலே, அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினாள். கலர் போன், கேமரா வைத்தது. "ஒங்கப்பா மலையிலயே வச்சிருந்ததாம், அவுகளுக்கு வேற ஒண்ணு இருக்காம். புள்ளைக்குக் குடுன்னு, சிம்மை மட்டும் கழட்டிக்கிட்டுக் குடுத்தாக" என்றாள்.

வீட்டு சிம்மை அதில் போட்டோம். ஏழு மணிக்கு ஒருமுறை அடித்தது. அம்மா சிரித்தாள். "அடிபட்ட காலோட ஏறியிருக்காக பாரு. பொறு, எறங்கட்டும்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த அரைமணி நேரத்தை இந்த முறை நான் வீணாக்கவில்லை. போனை நோண்டி, மெமரி கார்டில் படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, அம்மாவின் மடியில் வைத்துக் காட்ட ஆரம்பித்தேன்.

முதலில் ஸ்டோர் அடுப்பு, பிறகு அப்பாவின் கட்டைவிரல். அதற்கடுத்து ஒரு பாப்பா. ஒரு வயது இருக்கும். பச்சைக் கட்டம் போட்ட போர்வையில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிச் சிரித்தது. அந்தப் போர்வை அம்மா சந்தையில் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டது.

"லயத்துல யாரு புள்ளையோ" என்றாள் அம்மா.

"அன்னைக்குப் போன்ல அழுதுச்சே, அந்தப் பாப்பாவா இருக்கும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னைக்கு?"

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கையை ஓங்கவில்லை.

"அப்ப மணி எத்தன?"

"ஏழுதாம்மா. அடிச்சப்பதான் எடுத்தேன்."

அம்மா படத்துக்குக் கிட்டக் குனிந்தாள். "பாறைல ஏதுடி புள்ள?" என்றாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அடுத்த படத்தில் அப்பா ஒரு கதவு நிலையில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், கேமரா தெரிந்தவள் என்ற மிதப்பில், "ரெண்டு கையாலயும் பாப்பாவப் புடிச்சிருக்காரு. அப்ப போட்டோ எடுத்தது யாரும்மா?" என்று கேட்டேன்.

அம்மா அடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள். மொத்தம் பன்னிரண்டு படங்கள். முடிந்ததும், "மொதல்ல இருந்து காட்டு" என்றாள். காட்டினேன். மறுபடியும் காட்டச் சொன்னாள். ஏழரை தாண்டி வெகுநேரம் ஆகியும் தட்டை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போனை எடுத்துப் பேசிய கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். அவளைச் சமாதானப்படுத்த, போர்வையில் சிரிக்கும் பாப்பாவின் படத்தைப் போனின் வால்பேப்பராக வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும் என்று நம்பினேன்.

அம்மா அதை மாற்றச் சொல்லவே இல்லை. அலாரம் வைக்கவும் மெசேஜ் அழிக்கவும் ஒரே வாரத்தில் என்னிடம் கற்றுக்கொண்டவள், இதை மட்டும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வந்த அப்பா மணி பார்க்கப் போனைக் கையில் எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்தான் வைத்தேன் என்று ஓடிப்போய்ப் பெருமையடித்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "சோறு ஆறுது, உக்காருங்க" என்றாள் அம்மா. அப்பா கையை நனைக்காமலேயே மெட்டுக்கு ஜீப்பு பிடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மிஸ்டு கால் வரவில்லை, அவரும் வரவில்லை. பல வருடம் கழித்து, அந்தப் படத்தை ஏன் அப்படியே விட்டாய் என்று கேட்டேன். "அது என்ன பண்ணுச்சு, பச்சப்புள்ள" என்றாள். மற்ற பதினொரு படங்களையும் எப்போதோ அவளே அழித்திருந்தாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, படங்களைக் காட்டியதற்கு மறுநாள் சாயங்காலம்தான். ஏழு மணிக்கு வழக்கம்போல ஒருமுறை அடித்து ஓய்ந்தது. திரை வெளிச்சத்தில் பாப்பா சிரித்தது, அதன் நெற்றிமேல் ஒரு மிஸ்டு கால் என்று எழுத்து வந்து நின்றது. அம்மா எழுந்து தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டாள்.

அடிபட்ட காலோடு, இருட்டில், அந்த மொட்டைப் பாறையில் அப்பா நிற்கிறாரே.

"அப்பா இன்னும் எறங்கலையேம்மா" என்றேன்.

"அவுக எறங்கி ரொம்ப நாளாச்சு. நீ தின்னு."

அப்பா டவர் நன்றாக எடுக்கும் வேறொரு போன் வாங்கிவிட்டார், இனிமேல் பாறைக்கு ஏற வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இனி தினமும் அரைமணி நேரம் முன்னதாகவே சோறு கிடைக்கும் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.