விதைப் பட்டியலும் என் சந்தேகமும்

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு விதைக் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் விவரங்களை ஏற்ற இளையரசனேந்தல்காரப் பெண் ஒருத்தி இருந்தாள்.

புரட்டாசி விதைப்புக்குச் சில நாள் முன்னால் டிஸ்க் கெட்டுப்போனது. புது டிஸ்க் மாட்டி, ஃபிளாப்பிகளில் இருந்த பேக்கப்பை நானே ஏற்றினேன். வேலை முடிந்ததாகத் திரை சொன்னது. ஆனால் எந்த ஊருக்கு எந்தப் பருத்தி விதை என்று காட்டும் பட்டியலை மட்டும் காணோம். மூட்டை விவரம், முளைப்புச் சோதனை விவரம் எல்லாம் இருந்தன.

டிஸ்க் கெடுவதற்கு முந்தின நாள்தான், தன் ஊருக்கு விதையைக் குறைத்துவிட்டதாக அவள் மேனேஜரிடம் வாதாடியிருந்தாள். அன்று சாயங்காலம் பேக்கப் எடுத்ததும் அவள்தான். மேனேஜர் கேட்டபோது, "கடைசியா மிஷின்ல உட்கார்ந்தது அவதான் சார்" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் எதுக்கு அண்ணாச்சி அழிக்கப் போறேன்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் மேசை டிராயரைத் துழாவினேன். ஊர்ப்பெயர்கள் எழுதிய தாள் ஒன்று கிடைத்ததும், மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். திருவேங்கடம் வழியாகப் போகும் பஸ்களின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் வேறு வழி தெரியாமல், பட்டியல்கள் இருந்த ஃபிளாப்பியை மட்டும் மறுபடி ஏற்றினேன். காணாமல் போனது வந்து நின்றது.

அந்தப் பட்டியலுக்குச் சொந்தமாக விவரம் எதுவும் கிடையாது. சோதனையில் தேறிய விதைகளைக் காட்டும் இன்னொரு பட்டியலைப் பார்த்துத்தான் அது பதில் சொல்லும். இப்படிப்பட்டதை 'வியூ' என்போம். எது எதை நம்பியிருக்கிறது என்று பார்க்காமல், பேக்கப் புரோகிராம் இரண்டையும் ஆங்கில எழுத்து வரிசையில் எழுதிவைத்திருந்தது. ஏற்றும்போது ஊர்ப்பட்டியல் முதலில் வந்தது. அது பார்க்க வேண்டிய சோதனைப் பட்டியல் இன்னும் வந்திருக்கவில்லை. புரோகிராம் சத்தமில்லாமல் ஊர்ப்பட்டியலை விட்டுவிட்டு மேலே போய்விட்டது. இரண்டாம் முறை ஏற்றியபோது அடியில் இருக்க வேண்டியது ஏற்கெனவே இருந்தது.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"மிஷின் தப்புன்னு சொல்லுதிய. சரி. மேனேஜர்ட்ட என்னையச் சொன்னதும் மிஷின்தானா?"



விதை மழைக்கு முன் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவளும் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அதன்பின் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, முடிந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நானும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.