கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள்

என் அப்பா கட்டருக்குள் இறங்கிச் செத்தவர். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சாக்கடைக் குழியில் அடைப்பெடுக்க கான்ட்ராக்டில் போன ஆள். விஷவாயு. தாராவியில் எங்கள் சந்தில் எல்லாருக்கும் இது தெரியும். சந்துக்கு வெளியே யார் கேட்டாலும், அப்பாவுக்கு நெஞ்சு வலி. அம்மா எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். நானும் கல்லூரியிலும் ஆபீஸிலும் அதையே சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கும் முன், என் ஆபீஸ் கட்டடத்தின் பின்வாசலில் சாக்கடை மூடியைத் திறந்திருந்தார்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடுப்பில் ஒரு கயிறு, அரை டவுசர், வேறு எதுவும் இல்லாமல் ஒருவர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நானும் நடந்தேன். லிஃப்ட் கதவு மூடியதும் எனக்குக் காற்று உள்ளே போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு லிஃப்டில் ஏற முடியவில்லை. கதவு மூடிய மீட்டிங் அறையிலும், கூட்டமான லோக்கல் ரயிலிலும் அதே கதை. டாக்டர்கள் இதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஆபீஸில் ஹெச்.ஆர். பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள்: மாட்டுங்காவில் ஒரு கவுன்சலர் மேடம் இருக்கிறார், தமிழ்க்காரர், கம்பெனியே ஏற்பாடு செய்யும். தமிழில் பேசலாம் என்றதும் எனக்குமே ஆறுதலாக இருந்தது.

அந்த மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். அன்பாகச் சிரித்தார். ஏ.சி. ஓடுவதால் கதவைச் சாத்தினார். முதல் கேள்வியே ஊர்தான்.

"நேட்டிவ் எது?"

"திருநெல்வேலி."

"டவுனா, ஜங்ஷனா?"

"கிராமம்."

"எந்தப் பக்கம்?" சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?"

மூச்சு முட்டுகிறது என்று வந்தவளிடம் தெருப் பெயர் எதற்கு? எதற்கென்று எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியைப் பல வாய்களில் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் நானே முடித்து வைத்தேன். என் சாதியைச் சொன்னேன். அப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் முகம் மாறவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார். "பாவம்," என்றார். "ஆனா பாருங்கோ, நீங்க படிச்சு எவ்வளவு மேலே வந்துட்டேள். இப்போ பம்பாயிலே யாரு ஜாதி பாக்கறா? எல்லாத்துக்கும் அதையே காரணமா நெனச்சிண்டிருந்தா மனசு எப்படி ஆறும்? மன்னிச்சு விட்டுடணும்."

யாரை மன்னிப்பது என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு பயிற்சி செய்யலாம் என்றார்.

"கண்ணை மூடிக்கோங்கோ. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்கோ. இப்போ ஒரு படிக்கட்டு தெரியறது. ஒவ்வொரு படியா கீழே இறங்கறேள். இன்னும் ஆழமா. இருட்டா, அமைதியா இருக்கு."

சற்று முன்புதான் சொல்லியிருந்தேன், என் அப்பா எப்படிச் செத்தார் என்று. கேட்டுவிட்டு, அந்த மனுஷி என்னை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கச் சொன்னார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவர் பின்னாலேயே வந்து, "ஒத்துழைக்க மாட்டேங்கறேளே," என்றார். தெருவில் இறங்கி, பூக்கடைகளுக்கு நடுவில் நின்று வாந்தி எடுத்தேன்.

வெகுநாள் அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பிறகு வேறு விதமாகத் தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு கவுன்சலருக்கும் போன் செய்து ஒரே கேள்வி கேட்பேன்: நான் சாதியைப் பற்றிப் பேசினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "எங்களுக்கு எல்லோரும் சமம்" என்றவர்கள் நிறைய. உடனே போனை வைத்துவிடுவேன். செம்பூரில் இருந்த ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டுக்குவேன். எனக்குத் தெரியாதது நிறைய இருக்கும். தப்பாப் பேசுனா சொல்லுங்க, திருத்திக்குறேன்."

அவர் தெற்கே கடலோர ஊரைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம். என்னைவிட இளையவர். முதல் நாள் நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தவா? வெளியில ஆளில்ல, யாருக்கும் கேக்காது." திறந்தே இருக்கட்டும் என்றேன். தன் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "அதனால உங்க வலி எனக்குப் புரியும்னு சொல்ல மாட்டேன். அது வேற, இது வேற."

மூச்சுப் பயிற்சி முடியாது என்றேன். "அப்ப அது வேண்டாம்," என்றார், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபடியே, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்லப் பழக்கினார். ரிக்ஷா. கரும்புச்சாறு வண்டி. காய்கிற போர்வை. வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வந்தது.

ஒருநாள் கேட்டேன், "இந்தக் கோபம் எப்பப் போகும்?"

"கோபம் எதுக்குப் போவணும்? உங்க வாப்பாவ, மன்னிச்சுக்குங்க, உங்க அப்பாவ ஒரு பாதுகாப்பும் இல்லாம எறக்கியிருக்காங்க. அதுக்குக் கோபம் வரலன்னாத்தான் நான் கவலப்படுவேன். மூச்சு நிக்குதே, நாம அதப் பாப்போம்."

அன்று நான் அழுதேன்.

பஸ்ஸில் தனியாகப் போகப் பயமாக இருந்ததால் ஒருமுறை அம்மாவைக் கூட்டிப் போனேன். "பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துக்கு நான் எதுக்குட்டி வரணும்?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். கவுன்சலர் அவளிடம், "உள்ளயும் உக்காரலாம், வெளியவும் இருக்கலாம். உங்க இஷ்டம்மா," என்றார். அம்மா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நான் அப்பாவைப் பற்றிப் பேசும்போது, அவமானத்தில்தானே எல்லோரிடமும் நெஞ்சு வலி என்று பொய் சொன்னோம் என்றேன்.

"அவமானமா?" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. "என்னட்டி தெரியும் ஒனக்கு? ஒங்கப்பாவ ஆஸ்பத்திரியில போட்டிருக்கையிலயே அந்த முக்காதம் வந்தான். வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போறவன். 'குடிச்சிட்டு வந்தான், தவறி உள்ள விழுந்துட்டான்னு சொல்லிரு. கட்டருக்கு எறக்குனோம்னு சொன்னீன்னா கூட வேல பாக்கவனுவளுக்கும் சோறு கெடையாது'ன்னான். டாக்டரம்மா, அவுக ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிகாரன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நெஞ்சு வலின்னு நான்தான் சொன்னேன். நெஞ்சு வலி மனுசனுக்கு வர்றதுதான?"

கவுன்சலர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "இத்தன வருஷமா ஒத்தையில வச்சிருந்திருக்கீங்க," என்றார்.

"இப்பவும் அவன் மொகம் கண்ணுக்குள்ள நிக்கி. கைக்குக் கெடச்சா கிழிச்சிருவேன்."

"சொல்லுங்கம்மா," என்றார் கவுன்சலர். அம்மா சொன்னாள். தாராவித் தமிழிலும் ஹிந்தியிலும் எனக்குத் தெரிந்த வசவுகள் எல்லாம் வந்தன, தெரியாததும் வந்தன. அவர் நடுவில் ஒருமுறைகூட மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

அடுத்த வருடமும் மழைக்கு முன்னால் ஆபீஸின் பின்வாசலில் கயிறும் இரும்புக் கம்பியும் வந்து இறங்கின. இந்த முறை நான் கட்டட மேனேஜரின் அறைக்குப் போனேன். ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம் என்று ஹிந்தியில் சொன்னேன். அது கான்ட்ராக்டர் சமாசாரம் என்றார் அவர். பிறகு, என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல, "மேடம், இப்போது உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்றார்.

"என் உடம்பு நன்றாக இருக்கிறது. என் அப்பாவை இப்படித்தான் இறக்கிக் கொன்றார்கள். இன்றைக்கு நீங்கள் யாரை இறக்கப் போகிறீர்கள்? அவர் பெயர் தெரியுமா உங்களுக்கு?"

கத்தினேன். வராந்தாவில் ஆட்கள் கூடினார்கள். நான் சாக்கடை மூடியின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். காலைத் தரையில் ஊன்றி, கண்ணைத் திறந்துகொண்டு. சாயங்காலத்துக்குள் எங்கிருந்தோ கழிவை உறிஞ்சும் லாரி ஒன்று வந்தது. அத்தனை நாளும் இருந்த லாரிதான். போன் செய்தால் வருகிற லாரி.

கயிற்றோடு வந்த இருவரும் அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நன்றியாகவெல்லாம் இல்லை. அன்றைய கூலி போயிருக்கும். அதை யார் கொடுப்பது என்று கேட்க, வெளியே வந்து நின்றிருந்த மேனேஜரிடம் திரும்பினேன். அவர் அதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். போய்த் தட்டினேன்.