நிற்கக் கூடாத வண்டி

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டு டிவியில் அன்று தெரிந்ததெல்லாம் ஒரு பழுப்புக் கலங்கல்தான். ஆழ்கடலின் தரையில் தம்பி இறக்கியிருந்த வண்டியின் கேமரா அனுப்பிய படம் அது. அந்த வண்டியில் ஆள் யாரும் ஏறுவதில்லை. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து, கடல் தரையைப் படம் பிடித்து, சேறு அள்ளி வரும் இயந்திரம். தம்பி கப்பலில் ஓர் அறையில் உட்கார்ந்து, நீண்ட கேபிள் வழியாக அதை ஓட்டுவான். பயணத்தின் கடைசி நாள் வீட்டாருக்கு வீடியோ காலில் காட்டலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. அவ்வளவுதான், அப்பா தெருவையே கூட்டிவிட்டார். நான் என் பங்குக்கு பஜ்ஜி போட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, மாப்பிள்ளையின் தகப்பனார் போல அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்டி ரிட்டயர் ஆனவர். அது நின்றால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் நிலக்கரி போகாது. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், மெஷின் நின்ற நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். மழையால் நின்றிருந்தாலும் சரி, சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஓடாத மெஷின் அவருக்கு மானப் பிரச்சினை.

கடலடியில் கணக்கு வேறு. வண்டி தரையில் இறங்கியதும் மாவு போன்ற சேறு கிளம்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அது படியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் ஓட்டுகிறவர்களுக்கு முதல் பாடமாம். தம்பி சொல்லவும் செய்தான். "சேறு அடங்கட்டும்பா, கொஞ்ச நேரம் ஆகும்." தெருக்காரர்களுக்குக் கொட்டாவி வந்தது. யாரோ "ரிப்பேரா?" என்று கேட்டார்கள். அந்தச் சொல்லை அப்பாவால் தாங்க முடியவில்லை. "சும்மா குந்திக்கினு இருக்குதேப்பா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. கொஞ்சம் ஓட்டிக் காட்டு" என்றார். தம்பி வண்டியை நகர்த்தினான். கலங்கல் அசைந்தது. அப்பா கைதட்டினார், நாங்களும் தட்டினோம். கொஞ்ச நேரத்தில் படம் கறுத்துப் போனது. கண் தெரியாமல் நகர்ந்த வண்டி தன் கேபிள் மேலேயே ஏறி அதை அறுத்துக்கொண்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வண்டியை மீட்க முடியவில்லை. விசாரணையில் தம்பி, அவசரப்பட்டது என் கைதான் என்று மட்டும் சொன்னான். அப்பாவை ஒரு வார்த்தைகூட இழுக்கவில்லை. அவனை ஓட்டும் வேலையிலிருந்து எடுத்து, கேபிள் சுற்றும் வேலையில் போட்டார்கள். மறுபடி ஓட்ட விடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. லீவில் வந்து உள்ளறையிலேயே படுத்துக் கிடந்தான். பஜ்ஜி தின்றவர்கள் விசாரிக்க வருவார்களே என்று நான் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவன் பிழைப்பை எங்கள் தெருவுக்கு வேடிக்கையாக்கியது நாங்கள் எல்லோரும்தான். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷின் படுத்தாலும், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் யார் ஷிஃப்ட்டில் என்றுதான் கேட்பார்கள். அப்பாவோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு பாய் ஒருநாள் வந்தார். நாற்காலியில் உட்காரும்போதே, "யாரு ஷிஃப்ட்டுலங்க போச்சு?" என்றார். உள்ளே தம்பி விழித்துத்தான் கிடந்தான். அப்பா தலையைத் தூக்கவில்லை. "என் ஷிஃப்ட்டுலதான் பாய்." அவர் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்காததைப் பார்த்துவிட்டு, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார். அன்று ராத்திரி தம்பி வெளியே வந்து எங்களோடு சாப்பிட்டான்.

இந்த வருஷம் அவனை மறுபடி ஓட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் கப்பலிலிருந்து கூப்பிட்டான். "வண்டி இறங்கிடுச்சுக்கா. சேறு அடங்கக் காத்திருக்கேன். அப்பாகிட்ட காட்டேன்." நான் போனை நீட்டினேன். அப்பா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. நான் பாத்தா அவன் ஓட்டிடுவான்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.