விபியா கல்லின் மூன்று பெயர்கள்

விபியா துணி வெளுக்கிறவள். காரத்தண்ணீர்த் தொட்டியில் இறங்கித் துணியை மிதித்து மிதித்துக் கால் இரண்டும் வெந்துபோனவள். புருஷன் பிலோதாமுஸ் செத்தபோது, ஊருக்கு வெளியே அப்பியா சாலையோரக் கல்லறைக்கு ஒரே கல்லில் மூன்று முகம் கேட்டாள்: புருஷன், தான், மகன் ருஃபியோ. நான்தான் செதுக்கினேன்.

"சுருக்கத்தை ஒண்ணு விடாம போடு தம்பி. குமரியா நிக்க வச்சா அந்த மனுஷனுக்கு என்னை அடையாளம் தெரியாது" என்றாள்.

உயிரோடிருப்பவர் பெயருக்கு மேலே, வாழ்கிறார் என்பதற்கு அடையாளமாக, 'வி' என்று ஓர் எழுத்து வெட்டுவோம். செத்தால் சுரண்டிவிடுவோம். தாய்க்கும் மகனுக்கும் ஆளுக்கொன்று வெட்டினேன். அப்புறம் ருஃபியோ சிப்பாயாகி ரைன் ஆற்றங்கரைப் பாளையத்துக்குப் போனான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விபியா இருமிக்கொண்டே கிடந்தாள். ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுக்காரன் கழுதையை நிறுத்தாமலே, "விபியா வீட்ல சாவு! எழுத்தை எடுத்துடு!" என்று கத்திவிட்டுப் போனான். யாரென்று கேட்டிருக்க வேண்டாமா, முட்டாள் நான்? நேரே போய் அவள் எழுத்தைச் சுரண்டிவிட்டேன்.

மறுநாள் காலை அவளே நடந்து வந்து கல் முன்னால் நிற்கிறாள்!

"அக்கா... நீயா?"

"பய போயிட்டான். காய்ச்சலாம். சாம்பல்கூட வரல."

கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யார் வீட்டுச் சேதியோ சொல்கிறமாதிரி சொன்னாள்.

"தப்பு பண்ணிட்டேங்க்கா. உன்னோடதை இப்பவே திரும்ப வெட்டிடறேன்."

"விடு. பசிக்கல, அழுகை வரல, எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ செஞ்சது சரியாத்தான் இருக்கு. அவனோடதுல மட்டும் கை வைக்காத."

"பைத்தியமா உனக்கு? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரியில் செத்தவர்களுக்குப் படைக்கிற நாட்கள் வந்தன. விபியா ஒயினில் நனைத்த ரொட்டி கொண்டுவந்தாள். புருஷன் பெயருக்குக் கீழே ஒரு துண்டு வைத்தாள். தன் பெயருக்குக் கீழே ஒன்று. அவ்வளவுதான், கூடையை மூடிவிட்டாள்.

"ருஃபியோவுக்கு வைக்கலையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாயைக் கழுவு" என்றாள். "செத்தவங்களுக்குப் போடறத எம்புள்ளைக்கு எதுக்குடா வைக்கணும்?"