பஸ்ஸுக்கு ஓடிய கால்

ஞாயிற்றுக்கிழமை ரிலே ஓட்டப் போட்டி. எனக்கோ முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. ஓடலாமா என்று கேட்க இன்று செகந்திராபாத்தில் பிசியோ ஸ்டெல்லா அக்காவிடம் போனேன்.

எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓடிக் காட்டுடா, கால் எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்று போனில் வீடியோ எடுத்தார்.

கேமரா அல்லவா! உச்சிவெயிலில் மொட்டைமாடியில் வெறுங்காலோடு போகிறவன் மாதிரி, குதிகால் தரையில் படாமல் மிதந்தேன்.

"சூப்பர், கிளம்பு."

வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு கத்தல்: "டேய், உங்க ஏரியா மௌலா அலி பஸ் போகுது!"

பாய்ந்தேன். குதிகால் தடதடவென்று தரையை இடித்தது. பஸ்ஸே இல்லை. திரும்பினால் அக்கா கையில் போன்.

"இதான்டா உன் நிஜ ஓட்டம். அடிய சின்னச் சின்னதா வை, இடிக்காத. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, ஞாயித்துக்கிழமை ஓடலாம்."

"ஹவ் அக்கா!" என்று ஹைதராபாத் பாணியில் 'சரி' சொன்னேன்.

அக்காவை ஏமாற்றப் பார்த்தவனை, வராத பஸ் ஏமாற்றிவிட்டது. கேமராவுக்கு மட்டும் அழகாக ஓடுகிறவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.