பூட்டாமல் விட்ட தகடு

தண்ணீர் வண்டி டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் நின்றுபோனபோது நான் என் ஒர்க்ஷாப்பில் மதியச் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். டிரைவர் போன் செய்தான்.

"அண்ணே, பின்னாடி டமார்னு சத்தம். வண்டி நகர மாட்டேங்குது. ஃபுல் லோடு."

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் டேங்கரின் குழாயைத் திறந்து தண்ணீரைச் சாலையில் விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பாரத்தோடு வண்டியை இழுக்க முடியாது. மழை இல்லாத மாதம். வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வந்து மூன்று நாளாகியிருந்தது. குடம், பக்கெட், பெயிண்ட் டப்பா என்று கையில் கிடைத்ததோடு தெருவே ஓடிவந்தது. ஒரு பெங்காலிப் பெண் சிரித்துக்கொண்டே அவனுக்கு நன்றி சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

டிரைவர் கச்சால் தீவில் பிறந்தவன். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். நான்கு வருடமாக அந்த டேங்கரை ஓட்டினான். டேங்கரின் சொந்தக்காரி ராமநாதபுரத்துப் பெண்மணி. என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் என் ஒர்க்ஷாப்புக்கு வந்தவர் வண்டியைப் பார்க்கவேயில்லை, நேரே அவனிடம் போனார்.

"ஏத்தத்துல எந்த கியர்ல போன? தூங்கிட்டு ஓட்டுனியா?"

"எப்பயும் போலதாங்க அக்கா..."

"எப்பயும் போல ஓட்டுனா எப்படி ஒடையும்? மூணு மாசம் முன்னாடிதான் இந்த மிஸ்திரி பின்னாடி கியரப் புதுசா போட்டுக் குடுத்தாரு. பஸ், போதும், நாளையிலேர்ந்து வராத."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கும் காரணம் தெரியாது. ஆனாலும் பிரித்துப் பார்க்கும்வரை பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை பிரித்தேன். இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுன் பக்கவாட்டில் நகராதபடி இரண்டு பக்கமும் மரை வளையம் இருக்கும். அந்த வளையம் தானாகத் திரும்பாமலிருக்க, கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டுத் தகடு, அதற்கு ஒரு போல்ட். வலது பக்கம் தகடு இருந்தது. இடது பக்கம் இல்லை. வளையம் மூன்று சுற்று கழன்றிருந்தது. கிரவுன் விலகி, பற்கள் நுனியில் மட்டும் கடித்து, ஏழு பல் போயிருந்தது.

தகடு உடைந்து விழுந்திருந்தால் அடியில் கிடக்க வேண்டும். எண்ணெயைப் பழைய வேட்டித்துணியில் வடிகட்டினேன். பல் துண்டுகள்தான் வந்தன. பிறகு எழுந்து போய், அலமாரியில் என் நட்டு போல்ட் டப்பாவைக் கவிழ்த்தேன். தகடும் போல்ட்டும் அதில் இருந்தன.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வேலையைச் செய்த நாள் நினைவுக்கு வரவேயில்லை. அந்த மாதம் முழுக்க ஒரே மாதிரியான நாட்கள். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து அடுத்த வண்டிக்கு அடியில் படுப்பது. எங்கோ பாதியில் எழுந்திருக்கிறேன். திரும்பி வந்து அடுத்த போல்ட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவ்வளவுதான்.

புது கிரவுனும் பினியனும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் கிளம்பவில்லை என்றார்கள், கிளம்பிவிட்டது என்றார்கள், கரைக்கு வெளியே நிற்கிறது என்றார்கள். பதினோரு நாள். அக்கா தினமும் போன் செய்து, டிரைவரைத் திட்டிவிட்டு வைப்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

சாமான் வந்ததும் வேலையைத் தொடங்கினேன். பினியன் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை அதன் பேரிங்குக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய ஷிம் வளையம்தான் தீர்மானிக்கும். முடி கனம் கூடினாலும் குறைந்தாலும் பல் சரியாக உட்காராது. பல்லில் நீல மை தடவி, கையால் சுற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் தடவை ஓரத்தில் அழிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து எடுத்து, ஷிம் மாற்றி, மறுபடி பூட்டினேன். இப்போது பல்லின் அடியில் அழிந்தது. மறுபடி கழற்றினேன். கிரவுனைத் தூக்கும்போது இடது தோள் பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா வந்தார். ஒரு டயர் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அந்தப் பயலால எத்தன நாளு பாரு. ஊரே தண்ணியில்லாம பானி பானின்னு கத்துது..."

"அவன் மேல தப்பில்லக்கா."

"பின்ன?"

"நான்தான். லாக் தகடு போட மறந்துட்டேன். டப்பாவுல கெடந்துச்சு."

எழுந்துபோய் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"பிரிச்ச அன்னைக்கே."

"அரே பகவான்! பன்னெண்டு நாளா நான் அவன வாய்க்கு வந்தபடி ஏசுறேன். நீ கேட்டுக்கிட்டே இருந்த." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "போன் போடு. என் முன்னாடி சொல்லு."

டிரைவர் அதற்குள் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தான். முழுவதையும் சொன்னேன்.

"அண்ணே, சத்தம் வருதுன்னு நான் ஒங்ககிட்ட ரெண்டு தடவ வந்தேன். புது கிரவுன், பழகப் பழக சரியாயிரும்னீங்க."

அதையும் நான் மறந்திருந்தேன்.

அக்கா போனை வாங்கினார். "தம்பி, நான் பேசுனது தப்பு. வந்துருப்பா."

"பரவால்லங்க அக்கா. இங்க ரிசார்ட்டுல வண்டி ஓட்டுறேன். இப்பதான் சேர்ந்தேன், விட்டுட்டு வர முடியாது. கேபின்ல என் ரெயின்கோட்டு இருக்கு. யாராச்சும் வந்தா குடுத்து விடுங்க."

மூன்றாவது தடவை மை பல்லின் நடுவில் அழிந்தது. இரண்டு தகடுகளையும் பூட்டி, விரலால் தொட்டுப் பார்த்து, மூடும் முன் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி, அதே ஏற்றத்தில் ஏற்றினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சத்தமில்லாமல் ஏறியது.

"வண்டி டீக் ஹை, சரியாயிருச்சு," என்றார். "டிரைவர் கெடைக்கிற வரைக்கும் காலையில நீ ஓட்டு."

நான் மறுக்கவில்லை. பத்தொன்பது நாள் விடியலில் தண்ணீர் ஓட்டிவிட்டு, பிறகு ஒர்க்ஷாப் திறந்தேன். தெருவில் குழாயைப் பிடித்துக்கொண்டே பெண்கள் கேட்பார்கள், பழைய டிரைவர் எங்கே என்று. முதல் நாள் நடந்ததை முழுக்கச் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். அப்புறம் ஹேவ்லாக்கில் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி, அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்தினேன்.