அம்மாவின் மணிக்கட்டில் வெளிச்சம்

அம்மாவின் மணிக்கட்டில் அந்தக் கட்டி வந்தபோது நான் விடத்தல்தீவுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அப்பா கரைக்குக் கொண்டுவரும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றுவது அம்மாவின் வேலை. கட்டி புளியங்கொட்டை அளவில் தொடங்கிக் கொய்யாப்பிஞ்சு போல் திரண்டது. சில நாள் தானாகவே சிறுத்தும் போகும். எனக்கு அது பெரிய அதிசயம். அம்மா அசந்த நேரம் பார்த்து விரலால் அமுக்கிப் பார்ப்பேன்.

அப்பாவின் அக்காவான மாமியிடம் எல்லா நோய்க்கும் கைவசம் மருந்து உண்டு. வீட்டிலிருந்த தடித்த வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கையை மேசையில வை. ஒரு அடிதான், அமுங்கிப்போம்."

"வேதத்தால அடிவாங்க நான் என்ன பாவம் செய்தனான் மச்சாள்?" என்று அம்மா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மாமி விடவில்லை, அந்தோனியார் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு கை வாங்கி வைப்பதாக நேர்ந்துகொண்டார்.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்குத் தலைபின்னப் பழக்கினார். அதுவரை என் தலைமயிரை வேறு யாரையும் தொட விடாதவர், இப்போது வகிடு கோணினால் அவிழ்த்துத் திரும்பவும் பின்ன வைத்தார். கை நோகிறது, அதனால்தான் என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டே பழகினேன்.

கடைசியில் அப்பாவின் வற்புறுத்தலில் மன்னாருக்குப் போனோம். டொக்டர் யன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, சின்ன டோர்ச் ஒன்றைக் கட்டியின் பக்கத்தில் வைத்தார். கட்டி முழுவதும் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தது. நான் கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் நண்டு கழற்றிய கைக்குள் இப்படியொரு வெளிச்சமா?

"உள்ளுக்கு வெறும் தண்ணிதான், அதுதான் வெளிச்சம் போகுது. மூட்டில இருக்கிற பசைத்தண்ணி பை மாதிரித் தள்ளிக்கொண்டு நிக்குது. நோகாட்டி விடுங்கோ, தானாவும் போகும். அடிச்சு மட்டும் உடைச்சுப்போடாதேங்கோ."

"வேற ஒண்டும் இல்லையோ டொக்டர்? என்ர தங்கச்சியைக் கொண்டுபோனதும் ஒரு கட்டிதான்."

"இது அது இல்லையம்மா."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த வெளிச்சத்தின் அழகைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று நான் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் போன் டோர்ச்சை என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். என் கை வெறும் கையாகவே இருந்தது.

மறுநாள் காலை நான் சீப்பை எடுக்க, அம்மா அதைப் பறித்தார்.

"எனக்குப் பின்னத் தெரியும்தானே அம்மா."

"தெரியட்டும். இனி நான் பின்னுறன்."

கட்டி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. பின்னி முடித்ததை அவிழ்த்து மீண்டும் பின்னினார். பள்ளிக்கூட மணி அடித்துவிடப்போகிறதே என்று நான் சிணுங்கிக்கொண்டே இருந்தேன்.